பதினைந்தாவது விநாடி

கேப்ளின் கிண்ணத்தை மோந்துவிட்டுப் போகிறான்.
நேற்றும் அப்படித்தான்.
வாயில் ஒரு வாடை: நகச்சாயம் அழிக்கும் திரவமும்
அழுகத் தொடங்கிய ஆப்பிளும் கலந்தது.
அந்த வாடையை மருத்துவர் பிளான்ட்ஃபர்ட்
முன்பே எனக்குச் சொல்லிவைத்திருந்தார்,
புயல் எச்சரிக்கைபோல.

புயலும் வந்தது. தொலைபேசியில் அவர் குரல் கரகரத்தது:
"கேண்டர் வரை சாலை அடைப்பு. காலைவரை உங்கள் கையில்தான்.
சர்க்கரையை எரிக்க முடியாத உடம்பு
கொழுப்பை எரிக்கிறது. அந்தப் புகைதான் கீட்டோன்.
நான் சொன்ன அளவு ஊசியை விடாதீர்கள்.
எதையாவது தின்ன வையுங்கள். தோலுக்கடியில் தண்ணீர் ஏற்றுங்கள்.
பட்டையைச் சிறுநீரில் நனைத்து
பதினைந்தாவது விநாடியில் என்ன நிறம் என்று சொல்லுங்கள்."

நிறம்.

அறுபத்திரண்டு வயதுவரை யாரிடமும் சொன்னதில்லை.
புட்டியில் அச்சிட்ட ஆறு கட்டங்களும்
எனக்கு ஈரச் சாம்பல், கொஞ்சம் அதிக ஈரச் சாம்பல்,
அவ்வளவுதான்.
துறைமுக விளக்குகளில்
சிவப்பெது பச்சையெது என்று தெரியாமல்தான்
கடல் எனக்கு ஒத்துக்கொள்ளாது என்று பொய் சொல்லி
மீன் ஆலையிலேயே முப்பது வருடம் நின்றேன்.

பக்கத்து வீட்டு மேவிஸ் ரைடவுட்
பெயின்ட் கடையில் அதே முப்பது வருடம்.
ஆறு வருடமாய் நாங்கள் எலியும் பூனையும்.
பொது வேலிக்கு ஊசியிலைப் பச்சை அடி என்றாள்.
கொட்டகையில் இருந்த டப்பாவை எடுத்து
ஒரே சனிக்கிழமையில் அடித்து முடித்தேன்.
மறுநாள் திரையை இழுத்து மூடினாள்.
ஈரல் நிறமாம். பின்னால் யாரோ சொன்னார்கள்.
வேண்டுமென்றே செய்தேன் என்று நினைத்தாள்.
நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இரவு ஒன்றரை மணி.
வேலி பனிக்கடியில் கிடந்தது.
அதன்மேல் நடந்துதான் போனேன்.

"ஒரு நிறம் பார்த்துச் சொல்ல வேண்டும்."
"இந்த நேரத்தில் என்ன நிறம்?"
"பூனை மூத்திரம்."

இரவு அங்கியின்மேல் கோட்டு மாட்டிக்கொண்டு வந்தாள்.
குளியலறைத் தரையில் இரண்டு கிழங்கள்,
ஒருவர் கையில் சூப்புக் கரண்டி, ஒருவர் கையில் கடிகாரம்.
மணல் தட்டில் ஏறினான். இறங்கினான்.
எங்களை மாறி மாறிப் பார்த்தான்,
மனு வாங்க உட்கார்ந்த தாசில்தார்போல.
இரண்டே முக்காலுக்கு மனம் இரங்கினான்.
கரண்டியை வாலுக்கடியில் நீட்டினேன்.
அவள் நனைத்தாள், எண்ணினாள், விளக்கடியில் பிடித்தாள்.

"பீட்ரூட் நறுக்கின பலகை."
"கழுவுமுன்னா, கழுவின பிறகா?"
"ஒரு தரம் கழுவின பிறகு."

அப்படியே மருத்துவரிடம் சொன்னேன்.
கொஞ்ச நேரம் யோசித்தார், நடுத்தரம் என்று எழுதிக்கொண்டார்.

தண்ணீர்ப் பையைக் கோட்டு மாட்டும் கொக்கியில் தொங்கவிட்டோம்.
அவள் பிடரித் தோலைக் கூடாரமாய்த் தூக்கிப் பிடிக்க
நான் ஊசியை நுழைத்தேன்.
தோளில் ஒட்டகத்துக்குப்போல ஒரு திமில் எழும்பியது.
டூனா டின்னின் நீரை விரலில் தொட்டு நீட்டினேன்.
முகத்தைத் திருப்பிக்கொண்டான்.
அவள் விரலை நீட்டினாள். நக்கினான்,
துரோகி.

ஐந்தரைக்கு மறுபடி கரண்டி.
"அதே பலகை. ரெண்டாம் தரம் கழுவினது" என்றாள்.
கொஞ்சம் கழித்து, பட்டையைக் கையில் வைத்தபடியே:
"அந்த வேலி. அது உன் கண்ணுக்கு என்ன நிறம்?"
"நீ சொன்ன நிறம்தான்."
அவள் எழுந்து போய்
கைகழுவும் தொட்டியில் வெகுநேரம் கை கழுவினாள்.

எட்டு மணிக்குப் பனி வாரும் வண்டி வந்தது.
சரியாகிவிடவில்லை, கேண்டருக்குப் போயே ஆகவேண்டும்.
அவள் மடியில் கூடை, கூடைக்குள் அந்த வாடை,
கொஞ்சம் குறைந்திருந்ததோ என்னவோ.

ஊருக்குள் நுழையும் இடத்தில் ஒரு சிக்னல்.
மேல் விளக்கு நில், கீழ் விளக்கு போ:
அது எனக்கு எப்போதோ மனப்பாடம்.
இருந்தும், சாலையைப் பார்த்தபடியே
மேவிஸ் சொன்னாள்:
"பச்சை."